தோளில் நட்சத்திரம் ஏறுமுன்

மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டால் அடுத்து அவனை எதில் சேர்ப்பது என்னும் விசாரம் எழாத தமிழ்க் குடும்பம் இந்தப் போபால் நகரில் இராது. பொறியியல், மருத்துவம், பாங்கு உத்தியோகம் என்று நாம் தலைமுறையாக எண்ணிப் பழகிய வழிகளோடு, அண்மைக் காலமாக இன்னொரு வழியும் நம் இல்லங்களில் பேச்சில் அடிபடுகிறது. முப்படைகளில் அதிகாரியாவதே அது. பிப்லானியிலும் பர்கேராவிலும் குடியிருக்கும் அன்பர்கள் சிலர், "பையனுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஐந்து நாள் தங்க வேண்டுமாம். அங்கே என்னதான் பார்ப்பார்கள்?" என்று நம்மிடம் கேட்டதுண்டு. ரயில்வே குமாஸ்தாவுக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் எண்ணலாம். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் நம் ஊரில் இருப்பதால், நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வரும் இளைஞர்கள் முதலில் கால் வைப்பது நமது நிலையத்தில்தான். அவர்களைக் கண்டும், அவர்களிற் சிலரோடு உரையாடியும், இது குறித்துப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு கணக்கைக் கூறிவிடுவோம். கணக்கு நமக்கு அன்றாடத் தொழில். புனே நகருக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சேர்வதற்கு, மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை எழுத்துத் தேர்வு நடத்துகிறது. பதினாறரை வயது நிரம்பிப் பத்தொன்பதரை கடவாதவர் எழுதலாம். கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600, ஆக 900 மதிப்பெண்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு. இதில் தேறியவர்கள் தேர்வு வாரியத்தின் முன் செல்வர். அங்கும் 900 மதிப்பெண்கள். ஆகவே சரிபாதி மதிப்பெண்கள் எந்தப் பாடநூலிலும் அச்சேறாத ஒன்றுக்கு வழங்கப்படுகின்றன. அதனைத் திறமை என்போமா, குணம் என்போமா, அறம் என்போமா? மூன்றும் ஒன்றல்ல என்பதே நாம் சொல்ல வந்தது.

முற்காலத்தில் இத்தகைய சோதனை எதுவும் இல்லை. நல்ல குடும்பத்தில் பிறந்தவரா, நல்ல பள்ளியில் படித்தவரா, நிமிர்ந்து நின்று பதில் சொல்கிறாரா என்று பார்த்து வெள்ளைக்காரத் துரைகள் அதிகாரிகளை எடுத்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் வந்து ஆயிரக்கணக்கில் அதிகாரிகள் வேண்டியிருந்தபோது அந்த முறை போதாமற் போயிற்று. ஜெர்மானியப் படையில் உளவியல் அறிஞர்களைக் கொண்டு ஆட்களைச் சோதிக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அதிலிருந்தும் பாடம் கற்று, 1942-இல் பிரிட்டன் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தது. மறு ஆண்டே இந்தியாவிலும் அவை தோன்றின. பிறப்பை வைத்து ஆளை மதிப்பிடுவது போய், நடத்தையை வைத்து மதிப்பிடுவது வந்தது. யுத்தத்தினால் விளைந்த நன்மைகள் மிகச் சில. அவற்றுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

வாரியத்துக்குள் நுழைந்ததும் இளைஞனுடைய பெயர் போய்விடுகிறது. மார்பிலும் முதுகிலும் ஓர் எண் எழுதிய துணியை மாட்டிவிடுகிறார்கள். "பதினேழு, நீங்கள் வாருங்கள்" என்றுதான் அழைப்பு. தகப்பனார் உத்தியோகம், வருமானம் முதலியவற்றைப் படிவத்தில் எழுதி வாங்குகிறார்கள் என்பது மெய். ஆயினும் மைதானத்தில் இறங்கியபின் பேரும் ஊரும் குலமும் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. நம்மவரிற் சிலர், "யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்?" என்று விசாரிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஐந்து நாட்கள், மூன்று பரீட்சகர்கள், பல்வகைச் சோதனைகள் என்று அமைந்த ஏற்பாட்டில் யாரைப் பிடிப்பது, எங்கே பிடிப்பது? அந்த விசாரத்தை அடியோடு விட்டுவிடலாம்.

முதல் நாள் அறிவுக்கூர்மைச் சோதனை. அதனோடு மங்கலான படம் ஒன்றைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, பின் கூடி விவாதிக்கச் செய்வார்கள். இதில் தேறாதவர் அன்றே வண்டியேறிவிடுவர். எஞ்சியவர்களுக்கு உளவியல் சோதனைகள். படம் ஒன்றை 30 வினாடிகள் காட்டி, 4 நிமிஷத்துக்குள் ஒரு கதை எழுதச் சொல்வார்கள். இவ்வாறு 12 கதைகள். பன்னிரண்டாவது படம் வெறும் வெள்ளைத் தாள்! அதில் இளைஞன் தன் மனத்தில் இருப்பதைத்தான் காண முடியும். பின்னர் 60 சொற்கள். ஒவ்வொரு சொல்லைக் கண்டதும் 15 வினாடிக்குள் மனத்தில் எழும் எண்ணத்தை எழுத வேண்டும். அடுத்து 60 சந்தர்ப்பங்கள். இன்ன இக்கட்டு நேர்ந்தால் என்ன செய்வாய் என்னும் வகையிலான அறுபதையும் 30 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். இறுதியாக, உன்னைப்பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீயே என்ன நினைக்கிறாய் என்று எழுதச் சொல்வார்கள். நேயர்கள் இக்கடைசிக் கேள்விக்குத் தாமே ஒருமுறை விடை எழுதிப் பார்க்கலாம். அவ்வளவு சுலபம் அல்ல.

அதற்கடுத்த இரு நாட்கள் மைதானத்தில் கழிகின்றன. சிறு கூட்டமாகப் பிரித்து, பலகை, கயிறு, மரத்துண்டு, பீப்பாய் இவற்றைக் கொடுத்து, நிலத்தைத் தொடாமல் இக்கரையிலிருந்து அக்கரை சேரும்படி பணிக்கிறார்கள். யார் தலைவர் என்று எவரும் நியமிக்கப்படுவதில்லை. யார் தாமாக முன்வருகிறார், யார் அடுத்தவர் யோசனையைக் காது கொடுத்துக் கேட்கிறார், யார் சுமையைப் பிறர் தோளில் தள்ளிவிட்டு மேற்பார்வை செய்கிறார் என்பது தானே வெளிப்படும். சிவப்பு வண்ணம் பூசிய பாகத்தைத் தொடலாகாது என்பது விதி. தொட்டால் திரும்பிச் சென்று மறுபடியும் தொடங்க வேண்டும். பரீட்சகர் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கால் பட்டுவிட்டால், தானே திரும்பிச் செல்பவன் ஒருவன்; விரைந்து தாண்டிவிடுபவன் ஒருவன். இரண்டாமவனை அவனுடைய கூட்டத்தார் கைதட்டி உற்சாகப்படுத்துவதும் உண்டாம். இந்தச் சிவப்புப் பலகையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

உளவியல் அறிஞர் ஒருவர், மைதானப் பரீட்சகர் ஒருவர், நேர்முகம் காண்பவர் ஒருவர். இம்மூவரும் கடைசி நாள் கூட்டம் வரையில் தம்முள் கலந்து பேசுவதில்லை. முதலாமவர் எண்ணத்தைக் காண்கிறார். அடுத்தவர் செயலைக் காண்கிறார். மூன்றாமவர் சொல்லைக் கேட்கிறார். மனஸா, வாசா, கர்மணா என்று வடமொழியில் இதனைக் குறிப்பிடுவார்கள். மனம், வாக்கு, காயம் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தது இதுவே. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்பதுதான் ஐந்தாம் நாள் மேஜையைச் சுற்றி ஆராயப்படுகிறது. கதையில் வீரனாகவும், மைதானத்தில் ஒதுங்குபவனாகவும், நேர்முகத்தில் பணிவின் வடிவாகவும் இருக்கும் இளைஞன் இங்கே அகப்பட்டுக்கொள்கிறான்.

இதை அறியாத பயிற்சி நிலையங்கள் பல, பெருந்தொகை வாங்கிக்கொண்டு, இளைஞர்களுக்குக் கதைகளை மனப்பாடம் செய்விக்கின்றன. எந்தப் படத்தைக் காட்டினாலும் கதாநாயகன் ஆற்றில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றுவான். அல்லது கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டுவான். சோதனை எப்படி நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஆங்கிலப் பேச்சைப் பழகுவதிலும் தவறில்லை. ஆனால் தன்னைப்பற்றிய கேள்விக்கும் பிறர் எழுதிக் கொடுத்த விடையை ஒப்பிக்கும்போது, உண்மையைத் தேடும் பரீட்சையில் முதற்காரியமாகப் பொய் சொல்லப் பழக்குகிறோம் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

பொய் சொல்லப் பழக்கும் இடம் பயிற்சி நிலையம் மட்டுமா? ரயில்வேயில் தனிப் படுக்கை வேண்டாத சிறுவர்களுக்கு, ஐந்து வயது முதல் பன்னிரண்டு நிறையும் வரையில் அரைக் கட்டணம். மீசை அரும்பும் பருவத்துப் பையனை முன்னே நிறுத்தி, "கேட்டால் பதினொன்று என்று சொல்லடா" என்று தாயார் தமிழில் காதோடு சொல்வதைச் சாளரத்துக்கு இப்பாலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். போபாலில் டிக்கெட் கொடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது என்னும் தைரியந்தான்! மிச்சமாகும் தொகை சொற்பம். பையன் அப்போது தாயாரின் முகத்தைப் பார்க்கிறான், நம்மைப் பார்க்கிறான், பின்பு சொன்னபடி சொல்கிறான். அந்த அம்மையார் கெட்டவரல்லர். மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஊருக்குப் போவதன் செலவு நமக்கும் தெரியும். இருந்தாலும் ஏழாண்டு கழித்து அதே பையன் சிவப்புப் பலகையின் மேல் கால் பட்டு நிற்பான் என்பதையும் எண்ணாதிருக்க முடியவில்லை.

வாரியத்தார் தேடும் குணங்கள் பதினைந்து என்று வகுத்திருக்கிறார்கள். செயல்படும் அறிவு, ஆராயும் திறன், ஒழுங்குபடுத்தும் திறன், எடுத்துச் சொல்லும் ஆற்றல், சூழலோடு பொருந்துதல், ஒத்துழைப்பு, பொறுப்புணர்ச்சி, தானே முன்வருதல், தன்னம்பிக்கை, விரைந்து முடிவெடுத்தல், கூட்டத்தைத் தன்பால் ஈர்த்தல், உற்சாகம், உறுதி, துணிவு, தாங்கும் வலிமை. இப்பட்டியலை நாம் முதன்முதலில் படித்தபோது ஒன்று மனத்தில் தைத்தது. நேர்மை என்பது இதில் தனியே ஓரிடம் பெறவில்லை! பொறுப்புணர்ச்சி என்பதற்குள் அதுவும் அடங்கும் என்று சொல்லலாம். சொல்லிக்கொள்ளலாமே தவிர, நமக்குத் திருப்தி ஏற்படவில்லை.

நம் மாநிலத்தின் வடகோடியில் சம்பல் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த கொள்ளைத் தலைவர்களை எண்ணிப் பாருங்கள். துணிவு இல்லையா? விரைந்து முடிவெடுக்கவில்லையா? கூட்டத்தைத் தம் சொல்லுக்குக் கட்டுப்படுத்தவில்லையா? பட்டினியையும் வெயிலையும் தாங்கவில்லையா? தம் ஆட்களிடம் பொறுப்புணர்ச்சிகூட அவர்களுக்கு இருந்தது. 1972-இல் ஜெயப்பிரகாச நாராயணர் முன்னிலையில் அவர்களிற் பலர் ஆயுதங்களைக் கீழே வைத்தபோது, அவர்களுடைய குணங்கள் மாறிவிடவில்லை. அவை எதற்குப் பயன்பட வேண்டும் என்னும் எண்ணந்தான் மாறியது. குணம் என்பது குதிரை. அதன் மேல் யார் ஏறியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஏஞ்சலா டக்வொர்த் என்னும் உளவியல் அம்மையார் நடத்திய ஆராய்ச்சி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. 2004-இல் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர்களிடம் சிறு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, அவர்களுடைய விடாமுயற்சியை அளந்தார். முதற் கோடைக்காலப் பயிற்சியின் கடுமையைப் பொறுக்காமல் ஓடிவிடாது நிலைத்து நிற்பவர் யார் என்பதை, கல்லூரியார் மதிப்பெண்ணையும் உடல் வலிமையையும் கூட்டிப் போட்ட பெருங்கணக்கைவிட இந்தச் சிறு வினாத்தாள் நன்றாகக் காட்டியது என்று 2007-இல் வெளியிட்டார். பயனுள்ள செய்திதான். ஆனால் நிலைத்து நிற்பவன் நேர்மையாக நிற்பானா என்பதை அந்தத் தாள் சொல்லாது.

வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் ஒருவனை நம்புமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கினாலும் ஆராயச் சொல்கிறார். வாரியத்தாரின் ஐந்து நாள் உயிரச்சத்தை ஓரளவு காட்டும். மற்ற மூன்றையும் காட்ட ஐந்து நாள் போதுமா? போதாது என்பதனால்தான் அதன்பின் ஆண்டுக்கணக்கில் பயிற்சி வைத்திருக்கிறார்கள். கடக்வாஸ்லாவில் முப்படை மாணாக்கர்களும் மூன்றாண்டு ஒன்றாகவே வாழ்கிறார்கள். பின்னர் தரைப்படைக்குச் செல்வோர் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாதமியில் இன்னும் ஓராண்டு பயில்வர்.

டேராடூன் என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த அகாதமி 1932 அக்டோபர் 1-ஆம் நாள் 40 மாணாக்கர்களோடு தொடங்கப்பெற்றபோது, அதற்குக் கிடைத்த கட்டடமும் நிலமும் அதற்குமுன் ரயில்வே ஊழியர் கல்லூரிக்கு உரியவை! நமது இலாகாவின் கூரையின் கீழ்தான் இந்நாட்டின் படைத்தலைவர்கள் உருவாயினர் என்று நாம் சற்றே பெருமைப்பட்டுக்கொண்டால் நேயர்கள் மன்னிப்பார்களாக. அவ்வாண்டு டிசம்பரில் முறைப்படி திறந்துவைத்த தளபதி பிலிப் செட்வுட், மாணாக்கர்களுக்கு மூன்று படிகளை வகுத்துச் சொன்னார். நாட்டின் காப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலாவது. உன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்தது. உன் சொந்தச் சுகமும் காப்பும் எப்போதும் கடைசி. அவர் பெயராலேயே விளங்கும் மண்டபத்தில் அவ்வுரை இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்நியர் ஆட்சியில், அந்நியத் தளபதி ஒருவர், "உன் நாடு" என்று இந்திய இளைஞர்களிடம் எந்த நாட்டைக் கருதிச் சொன்னாரோ! எதைக் கருதியிருந்தாலும், 1947-க்குப் பின் அச்சொற்கள் தமக்குரிய பொருளைத் தாமே தேடிக்கொண்டன.

இந்த மூன்று படிகளில் நடுப்படியே கடினமானது என்பது நம் எண்ணம். நாட்டுக்காக உயிர் கொடுப்பேன் என்று பதினெட்டு வயதில் எவரும் சொல்வர். தன் கீழ் இருக்கும் சிப்பாய் உண்டபின் தான் உண்பது, அவன் படுத்தபின் தான் படுப்பது என்பது நாள்தோறும் செய்ய வேண்டிய காரியம். பெயர், உப்பு, கொடி என்னும் மூன்றையும் 'நாம், நமக், நிஷான்' என்று வடக்கத்திப் படைவீரர் வழங்குவர். முதற்சொல் இந்தியில் பெயரைக் குறிக்கும். தமிழ்க் காதில் விழும்போது எல்லோரையும் சேர்த்த 'நாம்' ஆகிவிடுகிறது. தமிழ்ப் பொருளும் அங்கே தவறாகப் போய்விடவில்லை.

இந்த 'நாம்' என்னும் உணர்ச்சியிலேதான் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வெஸ்ட் பாயின்ட் கல்லூரியில் மாணாக்கர்க்கு ஒரு மானவிதி உண்டு: பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது, இவற்றைச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. முதல் மூன்றும் யாருக்கும் புரியும். நான்காவதில்தான் நல்ல பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். 1951-இல் பரீட்சையில் கள்ளத்தனம் செய்ததாகவும், செய்தது தெரிந்தும் மறைத்ததாகவும் சுமார் 90 மாணாக்கர்கள் வெளியேற்றப்பட்டனர். 1976-இல் மின்பொறியியல் பாடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்து கொண்டுவர வேண்டிய கணக்கை ஒருவரோடொருவர் சேர்ந்து செய்ததாகப் பிடிபட்டு 150-க்கு மேற்பட்டவர்கள் விலக நேர்ந்தது. அக்கல்லூரியின் பழைய மாணவரும், சந்திரனைச் சுற்றி வந்தவருமான பிராங்க் போர்மன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. குற்றத்தில் கல்லூரிக்கும் பங்குண்டு என்று அக்குழு கண்டது. விலகியவர்களுக்கு ஓராண்டு கழித்துத் திரும்பச் சேர வழி செய்யப்பட்டது. சேர்ந்து பட்டம் பெற்றவர்களும் பலர்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? 'காட்டிக் கொடுத்தல்' என்னும் சொல்லே தமிழில் வசை. கூடப் படிப்பவனைக் காட்டிக் கொடுத்த பிள்ளையைத் தெருவே இகழும். வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு ஒருவரையொருவர் மறைத்துக் காப்பது இன்னும் அதிகமாகவே பழகியிருக்கிறது. அது நல்ல குணம் என்றே பலகாலம் எண்ணி வந்திருக்கிறோம். அதில் நன்மையும் இல்லாமற் போகவில்லை. போர்க்களத்தில் பக்கத்திலிருப்பவனை விட்டு ஓடாத வீரனின் பாசமும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆனால் பாசம் எங்கே நிற்க வேண்டும்? நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறோம். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்கு 'லைன் கிளியர்' கொடுத்தால், தண்டவாளம் காலியாக இருக்கிறது என்று பொருள். அந்த ஒரு சொல்லை நம்பி ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு வண்டி இருளில் வருகிறது. பாயின்ட்ஸ்மேன் தூங்கிவிட்டான், பாவம் பிள்ளைகுட்டிக்காரன் என்று இரங்கி அதை மறைப்பவர் அவனுக்கு நண்பராகலாம். வண்டியில் வருபவர்களுக்கு யார்? படையிலும் அவ்வாறே. பாலம் பார்வையிடப்பட்டது, தோட்டா இத்தனை இருக்கிறது, அந்த மேட்டில் எதிரி இல்லை என்று இளம் அதிகாரி எழுதியனுப்பும் வரியை மேலதிகாரி மறுபடியும் சரிபார்க்க இயலாது. மாணாக்கப் பருவத்தில் கணக்குத் தாளில் தொடங்கும் சலுகை அந்த வரி வரையில் வந்து சேர்ந்துவிடும். ஆகையால், தவறு செய்த தோழனிடம், "நீயே போய்ச் சொல்லிவிடு; நாளை மாலைக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று முகத்துக்கு நேரே கூறுவதே தக்க வழியென்று நமக்குப் படுகிறது. அது முதுகுக்குப் பின்னே காட்டிக் கொடுப்பதும் ஆகாது.

உயிருக்கு அஞ்சாதவர்களும் மேலிடத்துக்கு அஞ்சுவதுண்டு. டேராடூனின் முதல் 40 பேரில் ஒருவரான சாம் மானெக்ஷா பின்னாளில் பலமுறை சொன்ன வரலாறு இது. 1971 ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி கிழக்கு வங்கத்துக்குள் படை புகவேண்டும் என்று கருதியபோது, தரைப்படைத் தலைவரான அவர், இப்போது இயலாது என்றார். மழைக்காலம் நெருங்குகிறது, இமயக் கணவாய்கள் திறந்திருக்கின்றன, அறுவடைத் தானியத்தை ஏற்ற வேண்டிய ரயில் வண்டிகளையெல்லாம் படைக்கு எடுத்துக்கொண்டால் மக்கள் பட்டினி கிடப்பர் என்று காரணங்களை அடுக்கி, வேண்டுமானால் ராஜினாமா செய்துவிடுவதாகவும் சொன்னாராம். சரக்கு வண்டிகளின் கணக்கைப் பிரதமர் முன் எடுத்துச் சொன்ன தளபதி என்பதில் நமக்குத் தனிப் பிரியம். யுத்தம் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது.

நம்மைப்போல் வெளியூரில் வேர்விட்ட தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவரைப்பற்றியும் கூற வேண்டும். மேஜர் ராமசாமி பரமேசுவரன் 1946-இல் பம்பாயில் பிறந்தவர். அங்கேயே பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார். சீனப் போரை அடுத்து 1963-இல் சென்னைப் பரங்கிமலையில் தோன்றிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1972-இல் மகார் ரெஜிமென்டில் அதிகாரியானார். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், தேடுதல் முடித்து இரவில் திரும்புகையில் அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. நிதானம் இழவாமல் சுற்றி வளைத்துப் பின்புறமாகச் சென்று தாக்கினார். நெஞ்சில் குண்டு பாய்ந்தபின்னும் உயிர் பிரியும் வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக் கொண்டிருந்தார். பரமவீர சக்கரம் அவருக்கு வழங்கப்பெற்றது. அந்தப் படை அங்கே சென்றது சரியா என்பதில் தமிழர்களுக்குள் ஆறாத வேதனையும் வேற்றுமையும் உண்டு. அதை இங்கே எடைபோட நாம் முற்படவில்லை. தன் ஆட்களை விட்டு நீங்காமல் நின்றார் என்பதை மட்டும் எவரும் மறுக்க மாட்டார். சென்னையில் மாணாக்கர்கள் அணிவகுக்கும் மைதானத்துக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

இதுவரை பையன், பையன் என்றே எழுதி வந்தோம். அந்தச் சென்னைப் பள்ளியிலேயே 1992 முதல் பெண்களும் பயிற்சி பெற்று வருகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2021-இல் இட்ட ஆணையின் பின், 2022-இல் கடக்வாஸ்லாவிலும் 19 பெண்கள் சேர்ந்தனர். அவர்களில் 17 பேர் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தனர். "பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்கும் அன்பர்கள், கேள்வியைத் தம் மகளிடமே கேட்டு விடை பெற்றுக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் அரசும் தன் பங்குக்கு நடுப்படியை மறவாதிருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பயிற்சியின்போது படுகாயமுற்று, தோளில் நட்சத்திரம் ஏறுமுன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணாக்கர்கள் நாட்டில் பல நூறு பேர் இருக்கிறார்கள். அதிகாரியாகவில்லை என்னும் காரணத்தால் முன்னாள் படைவீரருக்குரிய சலுகை எதுவும் இல்லாமல், பெற்றோரின் கையை எதிர்பார்த்துப் படுக்கையில் கிடந்தவர்கள் அவர்களில் உண்டு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. அம்மாத இறுதியிலேயே, முன்னாள் படைவீரர்க்கான மருத்துவ வசதி அவர்களுக்கும் அளிக்கப்பட்டது. வெகுகாலம் கழித்து வந்தது. பிள்ளையை அனுப்புமுன் இதனையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

இனி வாரியத்துக்குச் செல்வோருக்கு நடைமுறைச் செய்தி ஒன்றிரண்டு. ஒரு பிரிவுக்கு முதன்முறை அழைக்கப்பட்டவர்க்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. படுக்கைக் கட்டணம் திருப்பித் தரப்படுகிறது. அதே பிரிவுக்கு மறுமுறை வருபவருக்கு இல்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாமல் திரும்புபவர்களே எப்போதும் மிகுதி. அவர்களுக்கு மறுபடியும் முயல வாய்ப்பு உண்டு. வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளையிடம் முதல் நாளே கணக்குக் கேட்க வேண்டாம், சாப்பிட்டுத் தூங்கட்டும். நாக்பூர், ஜபல்பூர், இட்டார்சி முதலிய ஊர்களிலிருந்து இங்கே வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வண்டி தாமதமானாலோ, முதல் நாளே திரும்ப நேர்ந்து இரவு வண்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தாலோ, நம் சங்கத்து அன்பர் இல்லங்களில் மோர்க் குழம்பும் சோறும் நிச்சயம் உண்டு. புறப்படுமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும்.